காரணை: எல்லை காட்டியவர்களின் நிலம்

தாம்பரத்தின் தெற்குப் புறநகரில் தொடங்கிக் கடற்கரை வரை போனால் காரணை என்ற பெயரில் மூன்று ஊர்கள் வரும். ஒட்டியம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒன்று. இப்போது அந்தப் பக்கம் போகிறவர்களில் பெரும்பாலோர் மனை பார்க்கப் போகிறவர்கள். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் காரணைப்புதுச்சேரி. மூன்றாவது, மாமல்லபுரத்தை அடுத்த காரணை. தலித் மக்களின் நில உரிமை வரலாற்றில் காரணை என்று எழுதினால் அது இந்த மூன்றாவது ஊர்தான்.

சிறிய ஊர். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இப்படி ஓர் ஊர் இருப்பது தெரியாது. ஆனால் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தது இந்த ஊர் நிலத்துக்காகத்தான். அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட பஞ்சமி நிலம் அது. அந்த நிலம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைப் புரிந்துகொள்ள 1994-இல் தொடங்கினால் போதாது. நூறு ஆண்டு பின்னால் போக வேண்டும். அதற்கும் முன்னால், ஊர் என்ற சொல்லுக்கும் சேரி என்ற சொல்லுக்கும் நடுவே இருக்கும் எல்லையைப் பார்க்க வேண்டும்.

சேரி என்றொரு சொல்

பழந்தமிழில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பார்ப்பனர் வாழ்ந்த இடத்துக்கும் சேரி என்றே பெயர் இருந்தது. சோழர் காலத்துக்கு வரும்போது நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள், ஊருக்கு ஊர் வரி இல்லாத நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தத்தைத் தனியாகவும், கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி ஆகியவற்றைத் தனித்தனியாகவும் குறிக்கின்றன. சில இடங்களில் தீண்டாச்சேரி என்ற பெயரும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வரிக் கணக்கில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

அந்தக் கோடு இன்று வேடிக்கையாக இருக்கிறது. வேளச்சேரியிலும் செம்மஞ்சேரியிலும் கூடுவாஞ்சேரியிலும் அடுக்குமாடி வாங்குகிறவர் ஊர்ப்பெயரின் கடைசி இரண்டெழுத்தைப் பார்த்துத் தயங்குவதில்லை. அதே இரண்டெழுத்தைத் தனியாகச் சொன்னால் முகம் மாறுகிறது. பெண் கொடுக்கவும் எடுக்கவும் வருகிறவர்கள், ‘ஊரா, காலனியா?’ என்று கேட்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் ஒழியவில்லை. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். பெயர்ப் பலகையை மாற்றுவது எளிது. அந்தப் பலகை நிற்கும் மண் யாருடையது என்பது பழைய கேள்வி.

தொண்டை மண்டலம் ஏரிப் பாசன நாடு. ஏரியும் ஏரிக்குக் கீழே கழனியும், மேட்டில் ஊரும் கோயிலும் குளமும், அவற்றை விட்டு விலகிக் கழனிக்கு அப்பால், பெரும்பாலும் மழைநீர் தேங்கும் தாழ்வில் சேரியும் இருக்கும். முடிச்சூரிலிருந்து மதுராந்தகம் வரை எந்தப் பழைய ஊரையும் எடுத்துக்கொள்ளுங்கள், அமைப்பு ஏறக்குறைய இதுதான். ஒரே ஊர்தான், நடுவே ஓர் எல்லை. அதைக் காட்டுகிற கல் எதுவும் கிடையாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

எல்லையை அறிந்தவர்கள்

இதில் நம் பாடப்புத்தகங்கள் சொல்லாத ஒரு செய்தி உண்டு. ஊரின் எல்லைகளை முழுமையாக அறிந்தவர்கள் சேரி மக்களே. இரண்டு ஊர்களுக்கு நடுவே எல்லைத் தகராறு வந்தால் பறையர் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் நடந்து காட்டும் வழியையே எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அதிகாரிகள் பலர் பதிந்திருக்கிறார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் அந்தக் குறிப்புகளைக் காணலாம். மைசூர்ப் பக்கத்தில் ஹொலேயர் ஒருவரின் தலையில் ஊர் மண்ணால் செய்த உருண்டையை வைத்து எல்லையில் நடக்கச் சொல்வார்கள். சரியான கோட்டில் நடந்தால் உருண்டை உடையாது, தவறினால் உடைந்துவிடும் என்று நம்பினார்கள்.

இந்த மரியாதைக்குக் காரணம் எளிது. வெட்டியானும் தோட்டியும் தலையாரியும்தான் ஒவ்வொரு வரப்பிலும் நடந்தவர்கள். ஏரி மதகைத் திறந்தவர்கள், களத்தைக் காத்தவர்கள், பிணம் எரித்தவர்கள், அடுத்த ஊருக்குச் சாவுச் செய்தி சொல்லப் போனவர்கள் அவர்களே. நில அளவை வந்தபோது சங்கிலி பிடித்து இழுத்தவர்களும் அவர்களே. கர்ணம் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார். எழுத வேண்டிய எல்லையை வெயிலில் நின்று காட்டியவர் சேரிக்காரர். கர்ணம், மணியம் என்ற பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில்தான் தமிழ்நாட்டில் ஒழிக்கப்பட்டன. அதாவது, யார் எழுதுவது, யார் காட்டுவது என்ற இந்த ஏற்பாடு நம்மில் பலருடைய தாய் தந்தையர் காலம் வரை இருந்தது.

எல்லையைக் காட்டியவருக்கு அந்த எல்லைக்குள் ஒரு சென்ட் கூடக் கிடையாது. செங்கல்பட்டுப் பகுதியில் இதற்கு மிராசு முறை என்று பெயர். ஊரின் நிலம், தரிசு, மரம், ஏரி மீன் எல்லாவற்றிலும் பங்கு உரிமை மிராசுதாரர் குடும்பங்களுக்கு இருந்தது. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816-இலேயே எடுத்துச் சொன்னவர் என்று தமிழ் படித்தவர்கள் போற்றும் எல்லிஸ், மிராசு உரிமை பற்றியும் விரிவாக எழுதினார். 1818-இல் அது அச்சானது. மொழிக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறோம். நிலத்தைப் பற்றி அவர் எழுதியதைத் தமிழ் வகுப்பில் யாரும் பேசுவதில்லை. பண்ணையாள், படியாள் என்று சேரி மக்கள் மிராசு நிலத்தோடு கட்டப்பட்டிருந்த காலம் அது. கூலி தானியமாக அளக்கப்பட்டது. படி கணக்கில் அளந்ததால் படியாள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சில ரூபாய்க் கடனுக்கு ஒருவரது உழைப்பு அடமானமாகும். அவர் இறந்தால் மகன் அந்தக் கடனைச் சுமப்பான்.

1891

இந்த நிலைமையை அரசுக்கு எழுத்தில் வைத்தவர், செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர். 1891 அக்டோபரில் செங்கல்பட்டுப் பறையர் குறித்து அவர் அனுப்பிய அறிக்கை, சென்னை மாகாண அரசுக்குப் பிடித்த ஆவணம் அல்ல. சேரி மக்களின் வீடு, உணவு, கூலி, கடன் எல்லாவற்றையும் அதில் எழுதினார். முக்கியமாக, அவர்கள் ஏன் நிலமில்லாமல் இருக்கிறார்கள் என்பதற்கு அவர்கள் சோம்பேறிகள் என்ற வழக்கமான காரணத்தைச் சொல்லவில்லை. சட்டத்தின் ஓட்டையைக் காட்டினார்.

அந்த ஓட்டைக்குப் பெயர் தர்க்காஸ்து. தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு அரசிடம் மனுக் கொடுப்பதே தர்க்காஸ்து. மனுவை யாரும் கொடுக்கலாம். ஆனால் செங்கல்பட்டில், ஒரு பறையர் மனுக் கொடுத்தால் ஊர் மிராசுதாரர்களுக்கு அறிவிப்பு போகும். ‘எங்களுக்கே அந்த நிலம் வேண்டும்’ என்று அவர்கள் சொன்னால் முன்னுரிமை அவர்களுக்கு. அவர்கள் உழுதார்களா என்று பிறகு யாரும் கேட்பதில்லை. நிலம் தரிசாகவே கிடக்கும்; மனுக் கொடுத்தவர் மறுநாள் அதே மிராசுதாரர் களத்தில் கூலிக்கு நிற்க வேண்டும். நின்றாலும் வேலை கிடைக்காது.

அதைவிடக் கொடிய பிடி வீட்டுமனையில் இருந்தது. சேரிக் குடிசை நிற்கும் மண்ணும் தங்களுடையதே என்று மிராசுதாரர்கள் சொன்னார்கள். வேறு இடத்தில் வேலைக்குப் போனால், கூலி உயர்த்திக் கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், குடிசையைக் காலி செய் என்று ஒரு வார்த்தை போதும். அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும் அது எப்படி நடந்தது என்பதை ஆய்வாளர் ரூபா விசுவநாத் அக்காலக் கோப்புகளைக் கொண்டு விரிவாகக் காட்டியிருக்கிறார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்றவர்கள் சேரி மக்களுக்காக நிலம் கேட்டு அரசோடு மல்லுக்கட்டியதும் இந்த ஆண்டுகளில்தான். ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகரைத் தாண்டிப் போகும் மாணவர்கள் மெல்ரோசாபுரம் என்ற பெயரைப் பார்த்து வியந்திருப்பீர்கள். தலித் கிறித்தவக் குடும்பங்கள் சொந்த மண்ணில் குடியிருக்க வேண்டும் என்று ஆண்ட்ரூ உருவாக்கிய குடியிருப்பு அது.

வெள்ளைக்காரர்கள் மட்டுமே பேசினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. திரமென்ஹீர் அறிக்கை எழுதிய அதே 1891-இல், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்ற சிற்றூரில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அதே ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையை நிறுவி நீலகிரியில் மாநாடு கூட்டினார். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் அந்த மருத்துவமனைக்கு அயோத்திதாசர் பெயர் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். சித்த மருத்துவராக மட்டுமே அவரை அறிந்து திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010 ஏ எண் அரசாணைகளே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை என்று தலித் இயக்கங்கள் குறிப்பிடுகின்றன. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகவும் சொல்லி வருகின்றன. அன்றைய அரசு மனமுவந்து அள்ளிக் கொடுத்தது என்று இதைப் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. திரமென்ஹீர் கேட்டதில் பாதியைக் கூட அப்போது அரசு முழு மனதோடு ஏற்கவில்லை. மிராசுதாரர்களைப் பகைத்துக்கொள்ள அதற்குத் துணிவு இல்லை. நிலம் துண்டு துண்டாக, பல ஆண்டுகளில், போராடிக் கேட்ட இடங்களில் வந்தது. 1920-க்குப் பிறகு தொழிலாளர் ஆணையர் என்ற பதவி ஏற்பட்டு, சேரி மக்களுக்கு மனையும் நிலமும் ஒதுக்கும் வேலை அவரிடம் வந்தபோதுதான் கொஞ்சம் வேகம் பிறந்தது. பஞ்சமர், பறையர் என்று அழைப்பதை விட்டு ஆதிதிராவிடர் என்று அழைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜாவின் முயற்சியால் சட்டமன்றம் ஏற்றது 1922-இல். பெயர் மாறியது, நிலத்துக்கு மட்டும் பஞ்சமி என்ற பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. தாலுகா அலுவலகத்தில் இன்றும் டி.சி. நிலம் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு நிபந்தனை

பஞ்சமி நிலத்தை மற்ற நிலத்திலிருந்து பிரிப்பது ஒரு நிபந்தனை. வருவாய் நிலை ஆணை 15-இன் கீழ் வரும் அந்த நிபந்தனையின்படி, ஒப்படைப்புப் பெற்றவர் முதல் பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் விற்க வேண்டும். மீறினால் அரசு அந்த நிலத்தை இழப்பீடு இல்லாமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கெட்டியான நிபந்தனை! பிறகு எப்படிப் போனது நிலம்? முதல் காரணம், மண் மட்டும் கொடுத்தார்கள். மாடு கொடுக்கவில்லை, கிணறு கொடுக்கவில்லை, விதைக்கடன் கொடுக்கவில்லை. கொடுத்த மண்ணும் பெரும்பாலும் மேட்டுப் புன்செய். இரண்டு ஆண்டு மழை பொய்த்தால் கடன். கடன் கொடுத்தவர் வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்வார். பதிவு அலுவலகத்தில் நிபந்தனையைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. சில ஊர்களில் விற்பனைப் பத்திரமே கிடையாது. ‘நீ உழவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற ஒரு பேச்சோடு நிலம் கைமாறியது. 1980-களில் யு.டி.ஆர். என்று சொல்லப்படும் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம் வந்தபோது, அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயரில் பட்டா ஏறிய இடங்கள் உண்டு. பழைய பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் இருந்த நிபந்தனை, புதிய பதிவேட்டுக்கு வரும்போது காணாமல் போனது. இங்கே நிலத்தைப் பிடுங்கக் கத்தி தேவைப்படவில்லை, பேனா போதுமாயிருந்தது.

வாங்கியவர்களிலும் ஏழைகள் இருக்கிறார்களே, அவர்கள் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்து உழுது பிழைக்கிற பிற சாதிச் சிறு விவசாயிக்கு மாற்று நிலம் கொடுக்க அரசிடம் வழி இருக்கிறது. அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்தச் சிறு விவசாயியை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நூறு ஏக்கர் வளைத்தவர்கள் ஒளிந்துகொள்வதைத்தான் இந்த மாவட்டத்தில் பார்க்கிறோம்.

1994 அக்டோபர்

காரணை மக்கள் கேட்டது புதிய நிலம் அல்ல. தங்கள் முன்னோருக்கு ஒதுக்கப்பட்டு, பிறர் கைக்குப் போயிருந்த நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். மனு, மறுமனு என்று எல்லா ஊரிலும் நடப்பதே அங்கும் நடந்தது. அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சேரிக்குச் சேரி படிப்பகமும் சிலையும் வந்துகொண்டிருந்தன. படித்த முதல் தலைமுறை ஊருக்குத் திரும்பி ஆவணங்களைப் புரட்டத் தொடங்கியிருந்தது. பஞ்சமி என்ற சொல் தாலுகா அலுவலகக் கோப்பிலிருந்து வெளியே வந்து கூட்டங்களில் ஒலித்தது.

1994-இல் காரணை மக்கள் மனுவோடு நிற்காமல் அந்த நிலத்திலேயே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். காவல்துறை சிலையை அகற்றியது. போராடியவர்களைக் கைது செய்தது. இதைக் கண்டித்தும், நிலத்தை மீட்டுத் தரக் கோரியும் அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் மக்கள் திரண்டார்கள். அந்தக் கூட்டத்தின் மீது காவல்துறை துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் அதில்தான் உயிரிழந்தார்கள்.

இருவரின் பெயர்களையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் பெயர் கிறித்தவப் பெயர், மற்றவர் பெயர் திருப்பதி மலையைக் குறிக்கும் பெயர். சேரிக்குள் மதம் இரண்டாக இருக்கலாம். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறவருக்கு இருவரும் ஒன்றுதான். துப்பாக்கிக்கும் அப்படியே.

சிலை ஏன் வைக்க வேண்டும், சிலை வைத்ததால்தானே பிரச்சினை என்று அன்றைக்கும் பேசினார்கள், இன்றைக்கும் வேறு ஊர்களில் அதையே பேசுகிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் என்ன செய்வார்? நான்கு மூலையிலும் கல் நடுவார். சர்வேயர் வந்து நட்டுக் கொடுக்க வேண்டிய கல்லை நட்டுக் கொடுக்க யாரும் வராதபோது, காரணை மக்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லைக்கல்லை நட்டார்கள். கோட்டும் கண்ணாடியும் போட்டு, கையில் அரசமைப்புச் சட்டத்தை வைத்திருக்கும் எல்லைக்கல். தலைமுறை தலைமுறையாக ஊருக்கு எல்லை காட்டியவர்கள், முதன்முறையாகத் தங்களுக்காக ஓர் எல்லையைக் காட்டினார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதே 1994-இல் உலகின் இன்னொரு மூலையில் நடந்ததையும் மாணவர்கள் அறிய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 1913-இல் வந்த நிலச் சட்டம் கறுப்பின மக்களை மிகச் சிறிய பகுதிக்குள் ஒதுக்கி, வேறெங்கும் நிலம் வாங்கக் கூடாது என்று தடுத்தது. நெல்சன் மண்டேலா பதவிக்கு வந்த ஆண்டிலேயே, 1994 நவம்பரில், நில உரிமை மீட்புச் சட்டம் நிறைவேறியது. 1913 ஜூன் 19-க்குப் பிறகு இனப் பாகுபாட்டால் நிலம் இழந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் உரிமை கோரலாம் என்று அது சொன்னது. அந்தச் சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. அங்கேயும் வழக்குகள் இழுக்கின்றன. ஆனால் ‘எந்த நாளிலிருந்து கணக்குப் பார்ப்பது’ என்ற கேள்விக்கு ஓர் அரசு வெளிப்படையாகப் பதில் சொன்னது. நமக்கு அப்படி ஒரு தேதி இல்லை. 1892 என்கிறார்கள் இயக்கத்தார். யு.டி.ஆர். பட்டாவைக் காட்டுகிறார்கள் அனுபவிப்பவர்கள்.

முப்பது ஆண்டு கழித்து

ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று காரணையில் நினைவேந்தல் நடக்கிறது. கொடிகளும் பேச்சாளர்களும் வருகிறார்கள். கோரிக்கை மாறவில்லை. 2011-இல் ஓய்வுபெற்ற நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நிலம் பற்றி ஆராய அரசு குழு அமைத்தது. ஆட்சி மாறியதும் அதன் பேச்சு அடங்கியது. 2019-இல் ‘அசுரன்’ படம் வந்தபோது நகரத்து இளைஞர்கள் பலர் பஞ்சமி என்றால் என்ன என்று தேடிப் படித்தார்கள். சில வாரங்கள் தொலைக்காட்சி விவாதம் சூடாக இருந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

ஓயாமல் நடப்பது ஒன்றுதான்: மனைப் பிரிவு. தாம்பரம் 2021-இல் மாநகராட்சியானது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள். ஒரு காலத்தில் ஆடு மேய்க்கக்கூட ஆகாது என்று சேரிக்கு ஒதுக்கப்பட்ட மேட்டு நிலம்தான் இன்று சதுர அடிக் கணக்கில் விற்கிறது. மழைநீர் தேங்காத மேடு என்பதே அதன் விளம்பரம்! நிலத்துக்கு விலை ஏற ஏற, பழைய பதிவேட்டைப் பார்க்க விடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இன்னொரு பக்கம், நகரத்தின் நடுவே கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடங்களும் இதே தெற்குப் புறநகர்தான். 2000-இல் தொடங்கிய கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதற்குப் பிறகு பெரும்பாக்கம். அவர்களில் பெரும் பங்கு தலித் மக்கள். வாரியத்தின் பெயர் 2021-இல் மாறிவிட்டது. குடிசை என்ற சொல் இப்போது அதில் இல்லை. சதுப்பு நிலத்தின் ஓரத்தில், வேலைக்குப் போய் வர இரண்டு பேருந்து மாற வேண்டிய தூரத்தில், எட்டு மாடிக் கட்டடங்கள். சோழர் கல்வெட்டில் ஊர்நத்தத்துக்கு அப்பால் எழுதப்பட்ட இடம் மாநகரத்துக்கு எங்கே வரும் என்று தேடினால், வரைபடத்தில் இங்கேதான் விரல் வந்து நிற்கிறது.

உங்கள் ஊர்ப் பதிவேடு

இந்தப் பக்கத்தைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் இருந்ததா என்று முதலில் பாட்டி தாத்தாவிடம் கேளுங்கள். ‘நம்ம கொல்லை எது தாத்தா, யார் உழுதாங்க?’ என்று கேட்டால் போதும். சர்வே எண் அவர்களுக்குத் தெரியாது. புளியமரமும் பாறையும் ஓடையும் தெரியும். அதை எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் கூடவே நடந்து பாருங்கள், வழியில் சொல்வார்கள்.

பிறகு பதிவேடு. இணையத்தில் கிடைக்கும் ஏ பதிவேடு இன்றைய நிலவரத்தையே காட்டும். அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வேண்டியது யு.டி.ஆருக்கு முந்தைய ஏ பதிவேடும், அதற்கும் முந்தைய மறு நிலவரித் திட்டப் பதிவேடும். குறிப்புக் கட்டத்தில் டி.சி. என்றோ, நிபந்தனை ஒப்படை என்றோ இருக்கிறதா பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லை என்றால் வட்டாட்சியர் அலுவலகம். அங்கும் இல்லையென்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பதிவேடு கிழிந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது என்று வாய்வார்த்தையில் சொன்னால் திரும்பி வராதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 6-இன் கீழ் மனு எழுதிக் கொடுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் கிடையாது. பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன்பின் மாநிலத் தகவல் ஆணையம். கரையான் அரித்தது உண்மையானால் அதையும் எழுத்தில் தரட்டும்.

பட்டியல் சாதியினரின் நிலத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பதும், அவர்களை அதிலிருந்து வெளியேற்றுவதும் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றங்கள். 2015 திருத்தம் அதை இன்னும் தெளிவாக்கியது. நில வழக்கு வேறு, வன்கொடுமை வழக்கு வேறு என்று காவல் நிலையத்தில் பிரித்துச் சொல்வார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை.

மனு எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம். பழைய சர்வே எண்ணையும் புதிய சர்வே எண்ணையும் உட்பிரிவோடு சேர்த்துக் குறிப்பிடுங்கள். புதிய எண்ணை மட்டும் எழுதினால் புதிய பதிவேட்டின் நகல் மட்டும்தான் வரும்.